வேலூர்க்காரர் எடுத்த கீசகனும் இன்றைய அப்பாக்களும்

தமிழ் சினிமாவின் கதையைச் சொல்ல வருகிறவர்கள் சென்னையில்தான் தொடங்குவார்கள். ஆனால் அதைத் தொடங்கிவைத்தவர் வேலூர்க்காரர். 1885-இல் வேலூரில் வசதியான வணிகக் குடும்பமொன்றில் பிறந்த ஆர். நடராஜ முதலியார்தான் தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை எடுத்தார். படத்தின் பெயர் 'கீசக வதம்'. 1917-18 வாக்கில் திரைக்கு வந்த மௌனப் படம் அது. குடும்பத்துப் பெண்ணிடம் கீசகன் என்றொருவன் வாலாட்டுகிறான், அவள் கணவன் அவனை அடித்தே கொல்கிறான். தமிழ்த் திரையில் முதலில் ஏறியது இந்த மகாபாரதக் கதைதான்.

அதே காலத்தில் அமெரிக்காவில் குதிரைப் புழுதி பறக்க ஓடிக்கொண்டிருந்த மௌனப் படங்களும், நாம் பிற்பாடு கௌபாய் படங்கள் என்று அழைத்தவை, ஏறக்குறைய இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. வீடு, பெண், மானம், அதைக் காக்க ஓர் ஆண். கீசகன் கதை நடக்கும் விராட நகரத்து அரண்மனையும் அமெரிக்கப் புல்வெளியும் ஒரே திரையில் மாறி மாறி ஓடியபோது நம்மூர்க்காரர்களுக்கு எந்தக் குழப்பமும் வரவில்லை.

இன்றைக்குத் தமிழ்ப் படத்தில் 'குடும்ப மானம்' என்று யாராவது வாயெடுத்தால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. அடுத்து சாகப்போவது கீசகன் இல்லை, அந்தப் பெண்ணோ அவள் காதலனோதான் என்று தெரிந்துவிடுகிறது. அரிவாளோடும் விஷத்தோடும் வருகிறவன் வெளியாள் இல்லை. அப்பன், அண்ணன், தாய்மாமன். வில்லன் எப்படி வீட்டுக்குள் வந்தான் என்பதுதான் இந்த நூறு வருடக் கதை.

அன்று: தோல் போனது, படம் வந்தது

1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்ததும் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக வேலூர் ஆனது. ரயில் அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலே 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும்தான் ஓடியது. பிறகு காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று பாதை நீண்டது. பாலாற்றங்கரையில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் இந்தப் பாதையில்தான் சென்னைத் துறைமுகம் போனது.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் இரண்டு காரியங்கள் நடந்தன. பிரிட்டிஷ் படைக்குப் பூட்ஸ் தேவைப்பட்டது. சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத் தோலுக்கு ஏகப்பட்ட கிராக்கி. போர்க்காலத்தில் அரசே கொள்முதலைக் கையில் எடுத்துக்கொண்டது. இன்னொரு பக்கம், அதுவரை உலகத்துக்கே படம் எடுத்துக்கொடுத்த பிரான்சும் இத்தாலியும் போரில் மாட்டிக்கொண்டதால் அவர்கள் விட்ட இடத்தை அமெரிக்கா பிடித்துக்கொண்டது. இங்கிருந்து தோல் மேற்கே போக, மேற்கிலிருந்து அமெரிக்கப் படச்சுருள் இங்கே வந்து இறங்கியது.

தோலுக்கும் படச்சுருளுக்கும் இன்னொரு உறவும் உண்டு. படச்சுருளில் வெள்ளி உப்பைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சித்தான் அதை எடுப்பார்கள். வெள்ளைத் துணியில் ஆடிய நிழல்களுக்குப் பின்னாலும் ஒரு மாட்டுத் தோல் இருந்தது.

படம் ஊர் ஊராகப் போனதும் ரயிலால்தான். திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கி, வேலையை விட்டு, கூடாரம் போட்டுப் படம் காட்டப் புறப்பட்டார். அவரும் அவரைப் பார்த்துக் கிளம்பியவர்களும் ரயில் போன ஊர்களில் எல்லாம் சினிமாவை அறிமுகம் செய்தார்கள். சென்னையில் எட்டி போலோ என்ற அமெரிக்க சாகச நடிகர் பெரிய நட்சத்திரமாக இருந்தார். அவருடைய தொடர் படங்களில் ஒவ்வொரு வாரமும் கதாநாயகன் ஏதாவது ஓர் ஆபத்தில் தொங்கிக்கொண்டிருப்பான். அவன் பிழைத்தானா இல்லையா என்று பார்க்க அடுத்த வாரமும் கூட்டம் வரும்.

மோட்டார் வியாபாரி படம் எடுத்தது

நடராஜ முதலியார் சென்னைக்கு வந்து முதலில் சைக்கிள் வியாபாரம் செய்தார். பிறகு ரோமர் டான் அண்டு கம்பெனி என்ற நிறுவனத்தை வாங்கி வெளிநாட்டு மோட்டார் கார்களை விற்றார். புகைப்படத்தில் ஆசை. தாதாசாகேப் பால்கேயின் படங்களைப் பார்த்ததும் 'நாமும் எடுத்தால் என்ன' என்று தோன்றிவிட்டது. புனேவில் கர்சன் பிரபுவைப் பற்றிய படம் பிடித்துக்கொண்டிருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் போய்க் கேமரா சுற்றக் கற்றுக்கொண்டார். கேமராவைக் கையால்தான் சுற்ற வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பணக்காரர் ஒருவரிடமிருந்து வில்லியம்சன் கேமரா ஒன்றை விலைக்கு வாங்கினார். வணிக நண்பர்கள் சிலரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு இந்தியா ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கி, புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டுடியோ போட்டார்.

அந்த ஸ்டுடியோவில் மின்விளக்கு கிடையாது. மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி வெயிலை வடிகட்டி, அந்த வெளிச்சத்தில் படம் பிடித்தார்கள். மேகம் வந்தால் வேலை நின்றுவிடும். சென்னைச் சூட்டில் படச்சுருளைக் கழுவ முடியாது என்பதால் அதற்கான கூடத்தைப் பெங்களூரில் வைத்துக்கொண்டு அவரே போய் வந்தார். தயாரிப்பு, இயக்கம், ஒளிப்பதிவு, வெட்டி ஒட்டுவது எல்லாமே அவர்தான். செலவு 35,000 ரூபாய். படத்தின் நீளம் 6,000 அடி. அன்றைய வேகத்தில் நொடிக்கு ஓர் அடி என்று ஓட்டினால் நூறு நிமிடம்.

கதையைத் தேர்ந்தெடுத்ததுதான் இங்கே முக்கியம். உறவினர்கள் வேண்டாம் என்றார்கள். முதல் படத்துக்கு இப்படி ஒரு கதையா என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான், மணமான பெண்ணை ஒருவன் விரும்புவதையும், இருட்டில் அவன் கொலையாவதையும் வைத்துத் தொழில் தொடங்க எந்த வியாபாரக் குடும்பம் சம்மதிக்கும்? ஆனால் நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார் இதையே எடுக்கச் சொல்லி ஊக்கம் தந்தார். வழக்கறிஞரும் மேடை நடிகருமான ரங்கவடிவேலு கூட இருந்து உதவினார். ராஜு முதலியார் கீசகன், ஜீவரத்தினம் திரௌபதி. இருவரும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள்.

படம் சென்னை எல்பின்ஸ்டன் தியேட்டரில் ஓடியது. பர்மா, இலங்கை, மலேயா, சிங்கப்பூர் என்று தமிழர் போன இடமெல்லாம் போனது. 50,000 ரூபாய் வசூல், 15,000 ரூபாய் லாபம். கையோடு 'திரௌபதி வஸ்திராபகரணம்' எடுக்கப் போனார். திரௌபதி வேடத்துக்கு நம் பெண்கள் யாரும் முன்வரவில்லை. துகிலுரியும் காட்சியில் நிற்க எந்தக் குடும்பம் பெண்ணை அனுப்பும்? கடைசியில் ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெண்தான் பாஞ்சாலியாக நின்றார். குடும்ப மானத்தைப் பற்றிப் படமெடுக்க வந்தவருக்குக் குடும்ப மானமே குறுக்கே நின்றது.

புல்வெளி வீட்டில் ஒரு துப்பாக்கி

இதே ஆண்டுகளில் அமெரிக்கப் படங்களில் மானம் என்னவாக இருந்தது என்று பார்க்கலாம். 1903-இல் வந்த 'தி கிரேட் டிரெயின் ராபரி'யில் கொள்ளையும் துரத்தலும்தான். பத்தாண்டு போனதும் கௌபாய் கதைக்குள் குடும்பம் வந்துவிட்டது.

1914-இல் செசில் பி. டெமில் இன்னொருவரோடு சேர்ந்து இயக்கிய 'தி ஸ்குவா மேன்' ஹாலிவுட்டில் எடுத்த முதல் முழுநீளப் படங்களில் ஒன்று. இங்கிலாந்துப் பிரபுக் குடும்பத்தில் ஒருவன் பொதுப்பணத்தைக் கையாடிவிடுகிறான். குடும்பப் பெயர் கெடக் கூடாது என்று அவனுடைய சிற்றப்பன் மகன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறான். அங்கே ஒரு செவ்விந்தியப் பெண் அவன் உயிரைக் காப்பாற்றுகிறாள், மனைவியாகிறாள், ஒரு பிள்ளை பிறக்கிறது. முடிவில் இங்கிலாந்துக் குடும்பம் பட்டத்தோடும் சொத்தோடும் அவனைத் திரும்பக் கூப்பிடுகிறது. அந்தப் பெண்ணோ தற்கொலை செய்துகொள்கிறாள். திருடியது ஒருவன், தியாகி என்று பெயர் வாங்கியது இன்னொருவன், செத்தது அவள். அந்த வேடத்தில் நடித்தவர் உண்மையிலேயே ஒரு பழங்குடிப் பெண், ரெட் விங் என்ற பெயரில் நடித்த லிலியன் செயின்ட் சர்.

டி.டபிள்யூ. கிரிஃபித்தின் 'தி பேட்டில் அட் எல்டர்புஷ் கல்ச்' படத்தில் ஒரு காட்சி. செவ்விந்தியர்கள் மரவீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே லிலியன் கிஷ் நடித்த இளம் தாய், பிள்ளையைக் காணாமல் தவித்துக்கொண்டிருக்கிறாள். அப்போது திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை வருகிறது. கையில் கைத்துப்பாக்கி. அதன் வாய் எதிரியைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. எதிரி கையில் அவள் சிக்குவதற்குள் நாமே சுட்டுவிடலாம் என்று ஒரு 'நல்லவன்' முடிவு செய்திருக்கிறான். அவள் மேலே பார்க்கவே இல்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை. கடைசி நேரத்தில் குதிரைப் படை வந்துவிடுகிறது, அவள் பிழைக்கிறாள். படை வராமல் போயிருந்தால்? பார்வையாளர்கள் அந்தக் கையை வெறுக்கவில்லை. அந்தக் கைக்காரனுக்காகக் கண் கலங்கினார்கள். ஆணவக் கொலையின் கணக்கு முழுவதும் அந்த ஒரு காட்சியில் அடங்கிவிடும்.

மானத்துக்காக வெட்டிக்கொள்வதைப் பார்த்துச் சிரித்த பெரிய கலைஞர் பஸ்டர் கீட்டன். 1923-இல் வந்த 'அவர் ஹாஸ்பிடாலிட்டி'யில் இரண்டு குடும்பங்களுக்குத் தலைமுறைப் பகை. பகைவீட்டுப் பிள்ளை தெரியாமல் எதிரி வீட்டுக்கே விருந்துக்கு வந்துவிடுகிறான். வீட்டுக்குள் இருக்கும் விருந்தாளியைக் கொல்வது அந்தக் குடும்பத்துக்கு மானக்கேடு. வாசலைத் தாண்டிவிட்டால் கொல்லாமல் விடுவதும் மானக்கேடு. அதனால் அவன் முடிந்தவரை வீட்டைவிட்டு வெளியேறாமல் ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டே இருக்கிறான். நம்மூரில் 1992-இல் 'தேவர் மகன்' கண்ணீரோடு சொன்ன பங்காளிப் பகையின் முட்டாள்தனத்தைக் கீட்டன் சிரிக்காத முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

திரௌபதி சும்மா இருக்கவில்லை

இப்போது கீசகன் கதைக்கு வருவோம். அமெரிக்கப் படங்களோடு வைத்துப் பார்த்தால்தான் நடராஜ முதலியார் தேர்ந்தெடுத்த கதையின் வீரியம் தெரியும்.

பாண்டவர்கள் அடையாளம் மறைத்து வாழும் பதின்மூன்றாவது வருடம். திரௌபதி விராடன் மனைவிக்குப் பணிப்பெண். கீசகன் அந்த ராணியின் தம்பி, படைத்தலைவன். அவன் துரத்த, அவள் அரசவைக்கு ஓடிவருகிறாள். அங்கே எல்லோர் முன்னாலும் அவளை எட்டி உதைக்கிறான். அரசன் வாய் திறக்கவில்லை. மாறுவேடத்தில் அங்கேயே உட்கார்ந்திருக்கும் தருமனும் பொறுமையாக இரு என்கிறான். திரௌபதி பொறுக்கவில்லை. இரவில் சமையற்கட்டுக்குப் போய்ப் பீமனை எழுப்புகிறாள். சண்டை போடுகிறாள். கீசகனை ஆட்டக்கூடத்துக்கு வரவழைத்தவளும் அவள்தான். பீமன் செய்தது கடைசி வேலை மட்டும்.

துப்பாக்கி தலைக்கு மேல் நிற்பது தெரியாமல் உட்கார்ந்திருந்த லிலியன் கிஷ் எங்கே, கணவன்மார் ஐந்து பேரையும் கேள்வி கேட்ட இவள் எங்கே!

வேலூர் வட்டாரத்துக்கு இவள் வெறும் கதாபாத்திரம் இல்லை, அம்மன். வட ஆர்க்காடு முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில்கள் உண்டு. அக்கினி வசந்த விழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. துகிலுரிதல் நடக்கும் இரவில் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் மேலே போவார்கள். வேடம் கட்டிய ஆணைக் கும்பிடும் பெண்களைப் பார்க்கலாம். கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் வாய் பிளந்து மல்லாந்து கிடப்பான். பீமன் அவன் தொடையில் அடிக்கச் செந்நிறம் தெறிக்கும். அதைத் தொட்டுத்தான் பாஞ்சாலி அவிழ்த்த கூந்தலை முடிவாள். மாலையில் தீமிதி. இந்த மண்ணில் மானம் என்பது பெண் வைத்த வழக்கு. தீர்ப்பு வரும்வரை அவள் தலையை முடிவதில்லை.

ஒரு சிக்கல், படத்தில் அவளுக்குப் பேச்சு இல்லை. பேச்சை எழுத்து அட்டையில் போட்டார்கள். 'கீசக வத'த்துக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அட்டைகள் இருந்தன. இந்தி வாசகங்களை எழுதித் தந்தவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி. கொட்டகையில் பெரும்பாலோருக்கு எந்த மொழியிலும் படிக்கத் தெரியாது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று உரக்கப் படிப்பார், கதையும் சொல்வார். திரௌபதியின் கோபம் ஓர் ஆணின் தொண்டை வழியாகத்தான் தரை டிக்கெட்டுக்கு வந்து சேர்ந்தது. பெண்கள் தனிப் பக்கம் உட்கார்ந்து கேட்டார்கள்.

வெள்ளைக்காரருக்கும் மானம் போனது

அமெரிக்கப் படங்களால் மானம் போய்விட்டது என்று முதலில் கூச்சல் போட்டவர்கள் நாம் இல்லை, ஆங்கிலேயர்கள். திரையில் வெள்ளைக்காரப் பெண் முத்தம் கொடுப்பதையும் கவுன் தெரியச் சண்டையில் உருள்வதையும் 'நேட்டிவ்' பார்த்தால் வெள்ளையினத்தின் மேல் மரியாதை என்னாவது என்பது அவர்கள் கவலை. அவர்களுடைய குடும்ப மானமும் பெண்ணின் மேல்தான் கட்டியிருந்தது.

1918-இல் சினிமா சட்டம், தொடர்ந்து தணிக்கை வாரியம். 1927-இல் சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார் தலைமையில் இந்திய சினிமா விசாரணைக் குழு அமைந்தது. நாடு முழுக்கச் சுற்றிச் சாட்சி கேட்டு 1928-இல் அறிக்கை தந்தது. மேற்கத்தியப் படங்கள் இந்தியரைக் கெடுக்கின்றன என்ற பெரிய குற்றச்சாட்டுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. இந்தியப் படத் தொழிலை வளர்க்க வழி செய்யுங்கள் என்றும் சொன்னது. அரசு அதைக் கிடப்பில் போட்டது.

நடராஜ முதலியாரோ அதற்கு முன்பே சினிமாவை விட்டிருந்தார். 'லவ குசா', 'மார்க்கண்டேயா' என்று சில படங்கள் எடுத்தார். கூட்டாளிகளோடு பிரச்சினை. பிறகு ஸ்டுடியோவில் தீ விபத்து, மகனின் மரணம். 1923-இல் ஒதுங்கியவர் திரும்பவே இல்லை. 1971-இல் காலமானார்.

குரல் வந்ததும்

1931 அக்டோபர் 31-இல் 'காளிதாஸ்' வந்தது. அதன் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி பாடினார், பேசினார். திரையில் தமிழ்ப் பெண் தன் குரலிலேயே பேசிய முதல் நாள் அது. 1934-இல் 'திரௌபதி வஸ்திராபகரணம்' பேசும் படமாகவும் வந்தது. அதில் பாஞ்சாலியும் ராஜலட்சுமிதான். வெள்ளைக்காரச் சாயல் பெண்ணைத் தேட வேண்டிய நிலை பதினாறு வருடத்தில் மாறிவிட்டது. 1936-இல் அவரே 'மிஸ் கமலா'வை எழுதி இயக்கினார்.

1939-இல் கே. சுப்பிரமணியத்தின் 'தியாக பூமி' ஒரு படி மேலே போனது. கணவன் தள்ளிவைத்த சாவித்திரி பணக்காரியாகத் திரும்பி வருகிறாள். கணவன் வழக்குப் போட்டுக் கூப்பிட்டும் அவனோடு வாழ மறுத்து, வேண்டுமானால் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். அரசு படத்தைத் தடை செய்தது, காங்கிரஸ் பிரசாரம் என்ற காரணத்துக்காக. வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு வேறு காரணம் இருந்திருக்கும்.

பிறகு வந்த முப்பது நாற்பது வருடம் அண்ணன்களின் காலம். 'பராசக்தி'யில் தங்கையின் நிலைக்காக அண்ணன் நீதிமன்றத்தில் பேசினான், 'பாசமல'ரில் அழுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் எம். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் தொப்பியும் தோல் பெல்ட்டுமாகக் குதிரையேறி 'கங்கா', 'ஜக்கம்மா' என்று கௌபாயாகவே வந்தார். சுடுகிறவன் மாறினான், குதிரை மாறியது, வசனம் எட்டு மடங்கானது. வீட்டுப் பெண்ணுக்கு ஆபத்து வெளியிலிருந்து வரும், வீட்டு ஆண் காப்பான் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

இன்று: கீசகன் வீட்டுக்காரன்

அந்தக் கணக்கை உடைத்தது இந்த நூற்றாண்டு. 2004-இல் பாலாஜி சக்திவேலின் 'காதல்' பெண்ணின் சித்தப்பனையே அச்சமூட்டும் ஆளாக நிறுத்தியது. 2018-இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' கௌரவத்துக்காகக் கொலை செய்வதைக் குலதெய்வக் காரியமாக நினைக்கும் ஒரு கிழவனைக் காட்டியது. பக்கத்து வீட்டுத் தாத்தா மாதிரி இருந்தார், அதுதான் பயம். 2020-இல் 'பாவக் கதைகள்' தொகுப்பில் வெற்றிமாறன் இயக்கிய 'ஓர் இரவு', வளைகாப்புக்கு அழைத்துவந்த மகளுக்கு அப்பாவே விஷம் வைப்பதைச் சொன்னது. கையில் தண்ணீர்க் குவளை, முகத்தில் பாசம், மூடிய கதவு. கிரிஃபித் படத்தில் திரையோரத்திலிருந்து வந்த அதே கை இங்கே முழு உருவத்தோடு வருகிறது. இந்த முறை யாரும் அவனுக்காகக் கண் கலங்கவில்லை.

இது எப்படி நடந்தது? திரைக்கதை எழுதும் இடத்தில் உட்கார்ந்தவர்கள் மாறினார்கள் என்பது முதல் காரணம். மானம் என்ற பெயரில் யார் அடித்தார்கள் என்பதை அடிவாங்கிய பக்கத்திலிருந்து சொல்ல ஆட்கள் வந்தார்கள். இரண்டாவது காரணம், திரைக்கு வெளியே பிணங்கள் விழுந்தன. 2016-இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையைக் கண்காணிப்புக் கேமராவில் தமிழ்நாடே பார்த்தது. இசை இல்லை, வசனம் இல்லை. அதுவும் ஒரு மௌனப் படம்தான். 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் வயது வந்த இருவர் சேர்வதில் குடும்பமோ சாதியோ தலையிட உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது.

மூன்றாவது காரணத்தை வேலூர், ஆம்பூர்ப் பக்கம் காலையில் ரோட்டில் நின்றால் பார்க்கலாம். மசமசவென்று விடியும்போதே ஷூ கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை, காதில் ஹெட்போன். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் மிஷின்களில் பெரும்பாலும் பெண்கள்தான். அன்று தோல் தொழில் என்றால் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கும் ஆண்கள். இன்று மாசக் கடைசியில் தன் பெயருக்கே சம்பளம் வாங்கும் பெண்கள். பஸ் ஜன்னலோரம் செல்போனில் அவள் என்ன படம் பார்க்கிறாள் என்று கேட்கக் கொட்டகையின் தனிப் பக்கம் இல்லை, தட்டி இல்லை, துணைக்கு வந்த அண்ணனும் இல்லை.

அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அந்த செல்போனே இரவில் வீட்டில் சோதனைக்கு உள்ளாகிறது. சம்பளக்காரப் பெண்ணுக்கு வீட்டில் பேச்சுரிமை கூடியிருக்கிறது; யாரைக் கட்டிக்கொள்வது என்ற ஒரு விஷயத்தில் மட்டும் அது சட்டென்று நின்றுவிடுகிறது. திரையிலும் அப்படித்தான். கௌரவத்தைக் கேள்வி கேட்கும் படம் வருடத்துக்கு நாலைந்து வந்தால், தங்கச்சிக்காக நூறு பேரை வெட்டும் படம் அதைவிடக் கூடுதலாக வருகிறது, நன்றாகவும் ஓடுகிறது. கேள்வி கேட்கும் படங்களிலும் பெரும்பாலும் ஆண்தான் போராடுகிறான், பெண் அழுகிறாள் அல்லது சாகிறாள். சமையற்கட்டுக்குப் போய் ஆணை உலுக்கி எழுப்பும் பாஞ்சாலியைத் தேட வேண்டியிருக்கிறது.

மிச்சம் இருப்பது

'கீசக வத'த்தின் ஓர் அடிகூட இன்று இல்லை. அந்தக் காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் வகை. எரிந்தது போக மிஞ்சியதை வெள்ளிக்காக உருக்கினார்கள். தென்னிந்தியாவில் எடுத்த நூற்றுக்கு மேற்பட்ட மௌனப் படங்களில் நமக்கு முழுசாகக் கிடைத்திருப்பது 1933-இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' மட்டும்தான். அதற்கு மூலமான நாவலின் உரிமைத் தகராறில் படம் முடங்கிப் பதிப்பாளரிடம் கிடந்ததால் பிழைத்தது. இப்போது புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நடராஜ முதலியாரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் தியடோர் பாஸ்கரன், ராண்டார் கை போன்ற திரை வரலாற்றாளர்கள் தேடி எழுதி வைத்ததால்தான்.

அன்றைய படங்களை இனிப் பார்க்க முடியாது. ஆனால் அவற்றின் நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் புகைப்படமும் வேலூர், குடியாத்தம், வாணியம்பாடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் இன்னும் கிடக்கலாம். கிடைத்தால் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, அடுத்த முறை தியேட்டரில் குடும்ப மானத்துக்கான சண்டையைப் பார்த்துக் கை தட்டும் முன்னால், அந்த மானம் யாருடையது என்று படம் சொல்கிறதோ அந்தப் பெண்ணுக்கு மொத்தம் எத்தனை வசனம் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மௌனப் படக் காலம் முடிந்துவிட்டதா இல்லையா என்று அந்தக் கணக்கு சொல்லிவிடும்.